லண்டன் – பாரிஸ் பிளைட்: போக 2 மணி 20 நிமிஷம், வர வெறும் 20 நிமிஷமா? உண்மையான தூரம் எவ்ளோ?

ஹன்ஸ்லோ_வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. ஊர்லேர்ந்து மாமனார் மாமியார் வந்திருக்காங்க, வந்தது வந்தாங்க அப்படியே பாரிஸையும் காட்டிருவோம்னு வீட்ல சொல்லிட்டாங்க, வீட்ல சொல்லிட்டா அப்புறம் மறு பேச்சு ஏது. செங்கன் விசா அவங்க மெட்ராஸ்லயே எடுத்துட்டு வந்துட்டாங்க, எங்க ரெண்டு பேருக்கும் இருக்கு, அதனால விசா பஞ்சாயத்து இங்க வேணாம்.

ராத்திரி உக்காந்து டிக்கெட் பாத்தா தலை சுத்துது. ஹீத்ரோல காலைல 9.25-க்கு கிளம்பி 11.45-க்கு பாரிஸாம். திரும்பி வர்றப்ப சாயந்தரம் 6.10-க்கு ஏறுனா 6.30-க்கு ஹீத்ரோவாம். அதே பிளைட்டு, அதே ரூட்டு, என்னங்கடா இது?

அடுத்தது தூரம். ஒரு சைட்டு 344 கிலோமீட்டர்ங்குது, இன்னொண்ணு 347, மேப்புல கார்ல போனா 460 பக்கம், ரயிலுக்கு 492. ஊரு என்ன நகர்ந்துக்கிட்டே இருக்கா? எதைத்தான் நம்புறது? கடைசியா, மாமியாருக்கு முட்டி வலி, எதுல கூட்டிட்டுப் போறது நல்லது? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

சும்மா_பாக்குறவன்

வர்றப்ப 20 நிமிஷமா? கான்கார்டே தோத்துருச்சு போங்க. நான் தினமும் லூயிஷம்லேர்ந்து ஆபீஸ் போகவே 50 நிமிஷம் ஆகுது, பேசாம பாரிஸ்ல வீடு பாத்துர வேண்டியதுதான்.

ஈஸ்ட்ஹாம்_இட்லி

தம்பி, டிக்கெட்ல போட்டிருக்கிறது அந்தந்த ஊரு கடிகாரம். பாரிஸ் எப்பவும் லண்டனை விட ஒரு மணி நேரம் முன்னாடி. 11.45-ங்கிறது லண்டன் கணக்குல 10.45, ஆக போக 1.20. வர்றப்ப பாரிஸ்ல 6.10-ன்னா நம்ம ஊரு 5.10, ஆக வரவும் 1.20. ரெண்டும் ஒண்ணுதான். மார்ச்லயும் அக்டோபர்லயும் கடிகாரம் மாத்துறதும் ரெண்டு ஊர்லயும் ஒரே ராத்திரி ஒரே நொடியில நடக்குது, அதனால இந்த ஒரு மணி வித்தியாசம் வருஷம் பூரா மாறவே மாறாது.

முட்டி வலின்னா ரயில். யோசிக்கவே வேணாம். விவரமா அப்புறம் எழுதுறேன், அடுப்புல சாம்பார் இருக்கு.

பழைய_டைம்டேபிள்

இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. பாரிஸ் லண்டனுக்குக் கிழக்கே வெறும் ரெண்டரை டிகிரிதான். சூரியனைக் கேட்டா ரெண்டு ஊருக்கும் வித்தியாசம் 10 நிமிஷம், அவ்ளோதான் சொல்லும். 1940 வரைக்கும் பிரான்ஸும் கிரீனிச் நேரத்துலதான் ஓடுச்சு. ஜெர்மன்காரன் பாரிஸைப் பிடிச்சதும் கடிகாரத்தை பெர்லின் நேரத்துக்குத் திருப்பி வச்சான், போர் முடிஞ்சு அவன் போயிட்டான், அந்த நேரம் மட்டும் போகல. உங்க டிக்கெட்ல இருக்கிற 20 நிமிஷக் குழப்பத்துக்கு அதுதான் வேர்.

கோவை_கணக்கு

தூரத்துக்கு நானுங்க. நாலு நம்பரும் சரிதானுங்க, ஒவ்வொண்ணும் வேற வேற ரெண்டு புள்ளிக்கு நடுவுல அளந்தது.

ஊரு நடுவுலேர்ந்து ஊரு நடுவுக்கு நீங்களே போட்டுப் பாக்கலாம். லண்டன் அட்சரேகை 51.51, பாரிஸ் 48.86. வித்தியாசம் 2.65 டிகிரி, ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர், ஆக தெக்கால 295. தீர்க்கரேகைல வித்தியாசம் 2.48 டிகிரி, ஆனா வடக்க போகப் போக கோடுக எல்லாம் நெருங்கிருமில்லைங்களா, அதனால 50 டிகிரி பக்கத்துல 0.64-ஆல பெருக்கோணும், கிழக்கால 176 வரும். இந்த ரெண்டையும் பித்தாகரஸ்ல போட்டா 344. அந்த சைட்டு சொன்னது இதுதான்.

ஹீத்ரோ ஊருக்கு மேக்க இருக்கு, சார்ல் த கோல் ஊருக்கு வடகிழக்க இருக்கு. அந்த ரெண்டு ஏர்போர்ட்டையும் வச்சு இதே மாதிரி போட்டா 347. பைலட்டுக கணக்குல 188 கடல் மைல் சுமாரு. 460 ரோடு, கலே போயி சுத்தி வருது. 492 தண்டவாளம், போக்ஸ்டன் பக்கம் கடலுக்கடியில எறங்கி லீல் வழியா வளைஞ்சு போகுது. விமானமும் இந்த 347-ஐ நூல் புடிச்ச மாதிரி போறதில்லைங்க, அது இன்னும் கூடும்.

ஹன்ஸ்லோ_வாசி

கோவை அண்ணா, அருமை. ஆனா இப்ப இன்னொரு சந்தேகம் வந்துருச்சு. பிளைட்டு மணிக்கு 800-க்கு மேல போகுதுன்னு சீட்டுக்கு முன்னாடி இருக்கிற ஸ்கிரீன்லயே காட்டுறான். 347-ஐ 830-ஆல வகுத்தா 25 நிமிஷம். மீதி 55 நிமிஷம் எங்க போச்சு?

ரொய்சி_நைட்ஷிப்ட்

வணக்கம் தம்பி. நான் பாரிஸில ரொய்சி எயார்போட்டில, அதுதான் சார்ல் த கோல், ராம்பில வேலை செய்யிறன், அதாவது பிளேன் நிக்கிற இடத்தில. நீங்கள் கேட்ட 55 நிமிசம் எங்க போகுதெண்டு தினமும் கண்ணால பாக்கிற ஆள், சொல்லுறன் கேளுங்கோ.

ரிக்கற்றில இருக்கிற 1.20 பறக்கிற நேரமே இல்லை. சில்லுக்கு முன்னால நாங்கள் வைக்கிற கட்டை இருக்கெல்லோ, ஹீத்ரோவில அதை எடுத்து பிளேன் அசையிற நிமிசத்தில இருந்து, இங்க வந்து நிண்டு நாங்கள் திரும்பக் கட்டை வைக்கிற நிமிசம் வரைக்கும்தான் அந்தக் கணக்கு. அதுக்குள்ள டிராக்டர் பின்னால தள்ளுறது, எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுறது, றன்வேக்கு உருண்டு போய் லைனில நிக்கிறது எல்லாம் அடக்கம். ஹீத்ரோவில இருக்கிறது ரெண்டே ரெண்டு றன்வே, காலமையில லைன் நீளம். இங்க சார்ல் த கோலில நாலு றன்வே இருக்கு, ஆனா தூரத்து றன்வேயில இறங்கினால் ரெர்மினலுக்கு உருண்டு வரவே கால் மணித்தியாலம் போயிடும். சனம் ஜன்னலால பாத்துக்கொண்டு இன்னும் ரோட்டிலயா போறம் எண்டு கேக்கும்.

உண்மையா சில்லு தரையை விட்டு எழும்பித் திரும்பத் தரையைத் தொடுறது 45 – 50 நிமிசம்தான். அதிலயும் 830 வேகம் எங்க வரும்? 10 ஆயிரம் அடிக்குக் கீழ 250 நொட்டுக்கு மேல ஓட விடமாட்டினம், அதாவது மணிக்கு 460 கிலோமீற்றர் சொச்சம். ஏறி முடிச்சு நேராகி, கோப்பி குடுத்து, குப்பை பொறுக்கிறதுக்குள்ள இறங்கத் தொடங்கிடும். நியூயோர்க் போற பிளேன் மாதிரி 38 ஆயிரம் அடிக்கெல்லாம் இது போகாது, 25 ஆயிரம் பக்கத்தில ஒரு கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

வந்து நிண்ட உடனயும் ஓடிப்போய்க் கட்டை வைக்க ஏலாது. பிளேனின்ர வயித்தில ஒரு சிவப்பு லைட் மின்னிக்கொண்டு இருக்கும், எஞ்சின் நிண்டாப் பிறகுதான் பைலட் அதை அணைப்பார். அது அணையும் மட்டும் கோட்டுக்கு வெளியில மழையில நிண்டு பாத்துக்கொண்டுதான் நிப்பம். அணைஞ்சால் முதல்ல முன் சில்லுக்குக் கட்டை, பிறகு கோன் வைக்கிறது, பிறகுதான் மிச்சம். நீங்கள் உள்ள எழும்பி நிண்டு பாக்கை இறக்கிக்கொண்டு இவங்கள் ஏன் கதவைத் திறக்கிறாங்களில்லை எண்டு திட்டுற நேரம் இதுதான்.

தேம்ஸ்_நதிக்கரை

ரொய்சி அண்ணே சூப்பர் தகவல். காத்து பாதிக்குமா? துபாய் வழியா ஊருக்குப் போறப்ப ஒரு நேரம், திரும்பி வர்றப்ப ஒரு மணி நேரம் கூட ஆகுதே, அது மாதிரி இங்கயும் இருக்குமா?

ரொய்சி_நைட்ஷிப்ட்

மேற்கில இருந்து கிழக்குக்கு அடிக்கிற காத்து இங்கயும் இருக்குத்தான், லண்டனில இருந்து பாரிஸ் தென்கிழக்குப் பக்கம், அதால இங்க பாரிஸுக்கு வரேக்க கொஞ்சம் தள்ளிவிடும், லண்டனுக்குப் போகேக்க கொஞ்சம் தடுக்கும். ஆனா 350 கிலோமீற்றருக்கு அது ஒரு சில நிமிசம்தான். துபாய் மாதிரி ஏழு மணித்தியாலம் பறந்தால்தானே காத்தின்ர வேலை தெரியும்.

இந்த ரூட்டில நேரத்தைத் திங்கிறது காத்தில்லை, வரிசை. ஹீத்ரோவைச் சுத்தி வானத்தில நாலு இடம் இருக்கு, போவிங்டன், லேம்போர்ன், பிக்கின், ஓக்கம் எண்டு. இறங்க இடமில்லையெண்டால் பிளேனை அதில ஒண்டில வட்டம் சுத்த விடுவினம், ஒண்டுக்கு மேல ஒண்டா ஆயிரம் அடி இடைவெளியில. அதுக்குத்தான் கொம்பனிக்காரர் ரிக்கற்றிலயே பத்துப் பதினைஞ்சு நிமிசம் கூடப் போட்டு வைக்கிறது. சுத்தாமல் நேர வந்தால் "குறித்த நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டோம்" எண்டு மைக்கில பெருமை வேற.

இன்னொண்டு, பிறசல்ஸில யூரோகொன்ட்ரோல் எண்டு இருக்கு, வானம் நெரிசலெண்டால் அவை ஸ்லொட் குடுப்பினம். சொன்ன நேரத்துக்கு 5 நிமிசம் முந்தியும் போகலாம், 10 நிமிசம் பிந்தியும் போகலாம், அதைத் தவறவிட்டால் புது ஸ்லொட்டுக்குக் காத்து நிக்கவேணும். பிரெஞ்சு கொன்ட்ரோலர்மார் ஸ்ட்ரைக் எண்டால் சொல்லவே வேண்டாம், இங்க அது மழை மாதிரி, அடிக்கடி பெய்யும்.

பழைய_டைம்டேபிள்

ஹன்ஸ்லோ_வாசி, நீங்க இருக்கிற ஊரோட பெருமை உங்களுக்குத் தெரியுமா? லண்டன் – பாரிஸ் பயணிகள் விமானம் தொடங்குனதே உங்க ஹன்ஸ்லோ ஹீத்லதான். 1919 ஆகஸ்ட் 25. டி.ஹெச்.4ஏ-ங்கிற விமானம், போர்ல குண்டு போட்டதை மாத்தி ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி ஆக்குனது. ஒரே ஒரு பயணி, அவரும் பத்திரிகைக்காரர். கூடவே செய்தித்தாள், டெவன்ஷயர் க்ரீம், வேட்டையாடுன காட்டுக்கோழி. பாரிஸ் பக்கத்து லெ பூர்ஜே போய்ச் சேர ரெண்டரை மணி நேரம். தினமும் நாடு விட்டு நாடு போற விமான சர்வீஸ்னு உலகத்துலயே ஆரம்பிச்சது இந்த ரூட்டுல அந்த வருஷம்தான். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1909 ஜூலை 25, ப்ளேரியோங்கிற பிரெஞ்சுக்காரர் விமானத்துல கலேலேர்ந்து டோவருக்குக் கடலைத் தாண்ட எடுத்தது 36 நிமிஷம் சொச்சம்.

அப்ப பைலட்டுக்கு ரேடியோ எல்லாம் பெருசா கிடையாது, கீழ தெரியற ரோட்டையும் ரயில் பாதையையும் பாத்துக்கிட்டே பறப்பாங்க. 1922 ஏப்ரல் 7-ஆம் தேதி பிரான்ஸ்ல பிகார்டி பக்கம், பனிமூட்டம், லண்டன்லேர்ந்து ஒண்ணு போகுது, பாரிஸ்லேர்ந்து ஒண்ணு வருது, ரெண்டும் ஒரே ரோட்டை ஒரே உயரத்துல பாத்துக்கிட்டு எதிரும் புதிருமா வந்து மோதிருச்சு. ஏழு பேர், ஒருத்தரும் பிழைக்கல. பயணிகள் விமானங்கள் ரெண்டு வானத்துல மோதுனது அதான் முதல் தடவை. அதுக்கப்புறம்தான் எந்தப் பக்கம் ஒதுங்கிப் பறக்கணும், எல்லா விமானத்துலயும் ரேடியோ வேணும்னு பேச்சே வந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். 1950 ஜூலை 29, வைக்கவுண்ட்ங்கிற டர்போப்ராப் விமானம், லண்டன் நார்தோல்ட்லேர்ந்து லெ பூர்ஜேக்கு 57 நிமிஷத்துல போச்சு. காசு கொடுத்த பயணிகள் 14 பேர். டர்பைன் எஞ்சின் வச்ச விமானத்துல காசு வாங்கி ஆள் ஏத்துனதே உலகத்துல அன்னைக்குத்தான். 57 நிமிஷம்! இன்னைக்கு ஜெட்டு அதை விட நல்ல வேகம், ஆனா ரொய்சி அண்ணன் சொல்றது 45 – 50. எழுவது வருஷத்துல மிச்சமானது ஒரு டீ குடிக்கிற நேரம். தரையில கூடுனதைக் கணக்குப் போட்டா அதுவும் இல்ல.

மூடுபனிக்கும் இந்த ரூட்டுதான் பதில் கண்டுபிடிச்சுச்சு. 1965 ஜூன் 10, பாரிஸ்லேர்ந்து வந்த ட்ரைடெண்ட் ஒண்ணு பயணிகளோட ஹீத்ரோல தானா தரை இறங்குச்சு, பைலட் கையாலே இழுக்கல.

சும்மா_பாக்குறவன்

1919-ல செக்யூரிட்டில க்ரீமை விட்டிருக்காங்க, இன்னைக்கு நம்ம ஊறுகாய்ப் பாட்டில பிடுங்கிக்கிறாங்க. இதுதான் வளர்ச்சியா?

ஈஸ்ட்ஹாம்_இட்லி

சாம்பார் ஆச்சு, வந்துட்டேன். அந்த ஊறுகாய்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன். யூரோஸ்டார் ரயில்ல 100 மில்லி கதையெல்லாம் கிடையாது, ரெண்டு பெட்டி ஒரு கைப்பை தூக்கிட்டு நேரா ஏறலாம், எடை போட மாட்டான்.

நேரத்தைப் பாருங்க. லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ஸ்டேஷன்லேர்ந்து பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷனுக்கு வேகமான வண்டி 2.16, சாதாரணமா 2.20 – 2.30. இது எப்பவுமே இப்படி இல்ல. 1994 நவம்பர் 14-ல முதல் வண்டி ஓடுனப்ப வாட்டர்லூலேர்ந்து மூணு மணி நேரம். பிரான்ஸ் பக்கம் 300-ல பறக்கும், டனல் தாண்டி கென்ட்டுக்குள்ள வந்தா நம்ம பழைய லோக்கல் வண்டிக பின்னாடியே ஊர்ந்து வரும். 2007-ல புது லைன் முழுசா முடிஞ்சு செயின்ட் பான்க்ராஸுக்கு மாறுனப்புறம்தான் ரெண்டேகால். 57-ஐ 50 ஆக்கத்தான் பிளைட்டுக்கு அவ்ளோ வருஷம் ஆச்சு, ரயில் பதிமூணே வருஷத்துல முக்கால் மணியைக் குறைச்சிருச்சு. யாரு முன்னேறுனது?

அப்புறம் இமிக்ரேஷன். பிரெஞ்சு போலீஸ் செயின்ட் பான்க்ராஸ்லயே உக்காந்து பாஸ்போர்ட்டைப் பாத்து முடிச்சிருவான். பாரிஸ்ல இறங்குனா வெளிய நடக்க வேண்டியதுதான். பிளைட்ல போனா அங்க இறங்கி வரிசைல நிக்கணும். இப்ப புதுசா இஇஎஸ்னு, வெளிநாட்டுக்காரங்க உள்ள வர்றதையும் போறதையும் கம்ப்யூட்டர்ல பதியற முறை வேற வந்திருக்கு, 2025 அக்டோபர் 12-லேர்ந்து படிப்படியா கொண்டு வந்தது, முகத்தைப் படம் எடுக்கிறது, விசா இல்லாத பாஸ்போர்ட்காரங்கன்னா கை ரேகையும். அந்த வரிசையில உங்க மாமியார் எங்க நிக்கணும்ங்கிறதுதான் கேள்வி, லண்டன்லயா, மூணு மணி நேரம் அலைஞ்சு பாரிஸ்ல இறங்கின பிறகா?

நாங்க ஒரு தடவை பிளைட்டை நம்பி ஒரு கல்யாணத்துக்குப் போய் தாலி கட்டுறதை வீடியோ கால்லதான் பாத்தோம். எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன். ரன்வேக்குப் போற வழில ரெண்டரை மணி நேரம் உள்ளயே உக்கார வச்சாங்க, ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தாங்க. மூணு மணி நேரம் லேட்டானாத்தான் நஷ்ட ஈடாம், ரெண்டு மணி ஐம்பது நிமிஷத்துல சக்கரம் தரையத் தொட்டுருச்சு, எதுக்கும் ஒண்ணும் கேக்க முடியாதுன்னுட்டாங்க.

ரொய்சி_நைட்ஷிப்ட்

அக்கா, சில்லு தரையைத் தொட்ட நேரம் கணக்கில்லை. ஒரு கதவு திறந்து ஆக்கள் இறங்கலாம் எண்ட நேரம்தான் வந்து சேர்ந்த நேரம், ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இலேயே தீர்ப்புச் சொல்லிட்டுது. 2.50-க்கு சில்லு தொட்டு கதவு 3.05-க்குத் திறந்தால் உங்களுக்குக் காசு வரவேணும், இவ்வளவு தூரத்துக்கு ஆளுக்கு 250 யூரோ, லண்டன் பக்கச் சட்டத்தில 220 பவுண். கொன்ட்ரோலர் ஸ்ட்ரைக், புயல் மாதிரி அவங்கட கையில இல்லாத காரணமெண்டால் மட்டும் தரமாட்டினம். இனிமேல் பிந்தினால் கதவு திறக்கேக்க போனில மணியைப் படம் எடுத்து வையுங்கோ.

ஆனா ரெயின்தான் எல்லாருக்கும் நல்லது எண்டு சொல்லாதையுங்கோ. நான் லாகூர்நெவ்வில இருக்கிறன். எயார்போட்டில இருந்து ஆர்.இ.ஆர் பி எண்ட பாரிஸ் லோக்கல் ரெயின், நிண்டு நிண்டு போற வண்டியில ஏறினால் கார் து நோருக்கு முதலே என்ர வீடு. லண்டனில இருக்கிற எங்கட மச்சான் ஹேய்ஸில, ஹீத்ரோ பக்கத்தில. எங்களுக்கு எதுக்கு ரெண்டு நகரத்தின்ர நடுவுக்கும் போய்த் திரும்ப வெளியில வரவேணும்? பிளேன்தான் சுகம்.

ஈஸ்ட்ஹாம்_இட்லி

கதவு விஷயம் புதுசு, வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், பழைய டிக்கெட்டைத் தேடிக்கிட்டு இருக்காரு. மத்தபடி உங்க மச்சான் ஹேய்ஸ்ல இருந்தா உங்களுக்கு பிளைட், நான் ஈஸ்ட்ஹாம், டிஸ்ட்ரிக்ட் லைன்ல ஏறி மாறி அரை மணி முக்கால் மணில செயின்ட் பான்க்ராஸ். நான் ஹீத்ரோ போறதுக்குள்ள வண்டி பாதி கென்ட் தாண்டியிருக்கும். பாரிஸ்ல இறங்குனா பத்து நிமிஷ நடையில லாசப்பல், சூடா தோசை, பிள்ளைங்களுக்கு கொத்து ரொட்டி. அதை விடுங்க.

ஹன்ஸ்லோ_வாசி

அக்கா, அண்ணே, சண்டை போடாதீங்க, என் கணக்கைப் போடுவோம். நான் ஹன்ஸ்லோ சென்ட்ரல். பிக்காடில்லி லைன்ல ஒரு பக்கம் போனா ஹீத்ரோ, இன்னொரு பக்கம் போனா அதே லைன்ல மாறாமலே கிங்ஸ் கிராஸ் செயின்ட் பான்க்ராஸ். எங்களுக்குப் போக வேண்டியது கார் து நோர் பக்கத்துல ஓட்டல்.

கோவை_கணக்கு

இருங்க, நானே போட்டுத் தர்றேனுங்க.

பிளைட்டு: வீட்லேர்ந்து ஹீத்ரோ 20 நிமிஷம் வைங்க, ரெண்டு மணி நேரம் முன்னாடி வரச் சொல்றான், பிளைட்டு 1.20, இறங்கி நடந்து இமிக்ரேஷன் பெட்டி எல்லாம் முக்கால் மணி, ஆர்.இ.ஆர் புடிச்சு கார் து நோர் 40. கூட்டுனா 5 மணி 5 நிமிஷம்.

ரயிலு: டியூபு 55, ஸ்டேஷன்ல ஒண்ணரை மணி, வண்டி 2.20, ஓட்டலுக்கு 10. கூட்டுனா 4 மணி 55 நிமிஷம்.

பத்து நிமிஷம் வித்தியாசமுங்க. அதுல பிளைட்டு நெஜமா வானத்துல இருக்கிறது அஞ்சு மணில 50 நிமிஷம். மிச்சம் நாலே கால் மணி நேரம் வரிசை, நடை, டியூபு. ரயில்ல பாதி நேரம் உக்காந்துட்டாச்சும் போவீங்க. ஈஸ்ட்ஹாம் அக்காவுக்கு ரயிலு ஒரு மணி நேரத்துக்கு மேல மிச்சம், ரொய்சி அண்ணனுக்கு பிளைட்டு மிச்சம், உங்களுக்கு ரெண்டும் ஒண்ணு. எந்த ஊரு எந்த ஊருன்னு கேக்கறதை விட எந்த டியூபு ஸ்டேஷன்னு கேக்கோணுமுங்க இதுல.

ரொய்சி_நைட்ஷிப்ட்

கணக்குச் சரி. ஆனா முழங்கால் நோ எண்டு சொன்னீங்களெல்லோ தம்பி, அதில ஒண்டு கவனியுங்கோ. யூரோஸ்டார் வண்டி நீளம் 400 மீற்றர், 16 பெட்டி. உங்கட சீட் கடைசிப் பெட்டியில விழுந்தால் கார் து நோர் பிளட்போமில பெட்டியையும் இழுத்துக்கொண்டு அந்த 400 மீற்றரும் நடக்கவேணும். புக் பண்ணேக்க பாரிஸில வெளியில போற பக்கத்துப் பெட்டியாப் பாத்து எடுங்கோ. பிளேன், ரெயின் ரெண்டுக்கும் வீல்செயார் உதவி காசில்லாமல் கேக்கலாம், 48 மணித்தியாலத்துக்கு முன்னம் சொல்லிப் போடுங்கோ. எயார்போட்டில அது கேட்டால் வரிசையிலயும் கொஞ்சம் கெதியா விடுவினம்.

பிளேனெண்டால் ரெர்மினலைப் பாருங்கோ, ஹீத்ரோ 4-க்குப் போற ரியூப் வேற, 5-க்குப் போறது வேற. மாறி ஏறினால் அண்டைக்குச் சண்டைதான்.

டோவர்_டிரைவர்

நாலு பேர்னா கார் எடுங்க பாஸ். போக்ஸ்டன்ல காரோட ரயில்ல ஏத்துனா 35 நிமிஷத்துல கலே, டோவர்ல கப்பல்னா ஒண்ணரை மணி. கலேலேர்ந்து பாரிஸ் 290 கிலோமீட்டர் சொச்சம், டோல் கொடுக்கணும், வலது பக்கம் ஓட்டணும், பாரிஸுக்குள்ள போக க்ரித்தேர்ங்கிற புகை ஸ்டிக்கர் வேணுமான்னு பாத்துக்கணும். மொத்தம் ஆறரை ஏழு மணி நேரம். ஆனா மாமியார் கேக்குற இடத்துல நிறுத்தலாம், அவங்க முட்டிக்கு அதுதான் மருந்து.

தேம்ஸ்_நதிக்கரை

பாரிஸ்ல பார்க்கிங் தேடுனது உண்டா பாஸ்? அங்க கார் கொண்டு போறதுக்கு ஓட்டல்ல இன்னொரு ரூம் போடலாம். மாணவர்களா இருந்தா சொல்றேன், விக்டோரியாலேர்ந்து ராத்திரி பஸ், காலைல பாரிஸ் பெர்சி, எட்டு ஒன்பது மணி நேரம், டோவர்ல நடுராத்திரி எழுப்பி இறக்கி பாஸ்போர்ட் பாப்பான். மாமியாரை மட்டும் அதுல ஏத்திராதீங்க, அப்புறம் ஊருக்கே போக மாட்டீங்க.

ஒரு சந்தேகம், பிரான்ஸ்ல ரெண்டரை மணி நேரத்துல ரயில் போற இடத்துக்கு பிளைட்டே தடைன்னு படிச்சேனே, அப்ப இந்த ரூட்டு எப்படி ஓடுது?

பழைய_டைம்டேபிள்

அது உள்நாட்டுக்கு மட்டும். 2023 மே மாசம் ஆணை வந்துச்சு, நடைமுறைல பாரிஸோட இன்னொரு ஏர்போர்ட்டான ஓர்லிலேர்ந்து போர்தோ, லியோன், நாந்த்ங்கிற மூணே ரூட்டுதான் அடிபட்டுச்சு. லண்டன் வேற நாடு, அதைத் தொடாது. ஹீத்ரோ – சார்ல் த கோல்ல ஏறுற கூட்டத்துல நிறைய பேருக்கு லண்டனோ பாரிஸோ கடைசி ஊரே இல்ல, அங்கேர்ந்து வேற எங்கயோ மாறிப் போறவங்க. அவங்களுக்கு ஊருக்கு நடுவுல இறக்கி விட்டு என்ன பிரயோஜனம். அதனாலதான் ரயில் இவ்ளோ நல்லா இருந்தும் இந்த ரூட்டுல பிளைட் நிக்கல.

ஹன்ஸ்லோ_வாசி

எல்லாருக்கும் பெரிய கும்பிடு. இங்க படிச்சதை எல்லாம் சாப்பிடுறப்ப வீட்ல சொன்னேன். மாமனார் சதர்ன் ரயில்வேல கார்டா இருந்து ரிட்டையர் ஆனவரு, கடலுக்கடியில வண்டி போகுதுன்னு சொன்னதுமே கேள்வி மேல கேள்வி. டனல் எவ்ளோ நீளம், உள்ள என்ன ஸ்பீடு, எவ்ளோ நேரம் இருட்டு, ஆழம் எவ்ளோ. ஆகவே ரயில்னு தீர்ப்பு ஆயிருச்சு, மாமியாரை யாரும் கேக்கல, அவங்களும் அதையே சொல்லிட்டாங்க. போறப்ப வர்றப்ப ரெண்டும் ரயில். அவருக்குப் பதில் சொல்ல விவரம் வேணும், யாராவது?

ஈஸ்ட்ஹாம்_இட்லி

டனல் 50.45 கிலோமீட்டர், அதுல கடலுக்கு அடியில 38 கிட்ட. உள்ள 160-ல போகும், 20 நிமிஷம் சொச்சம் இருட்டு. ரொம்ப ஆழமான இடம் கடல் தரைக்கு கீழ 75 மீட்டர். 1994 மே 6-ல இங்கிலாந்து ராணியும் பிரெஞ்சு அதிபர் மித்தராவும் சேர்ந்து திறந்து வச்சாங்க. கார்டு சார்கிட்ட சொல்லுங்க, மூணு குழாய் இருக்கு, போக ஒண்ணு, வர ஒண்ணு, நடுவுல சின்னதா அவசரத்துக்கு ஒண்ணு. ஜன்னல்ல ஒண்ணுமே தெரியாது, முன்கூட்டியே சொல்லி வைங்க, மீனு தெரியும்னு நினைச்சுட்டு எங்க மாமா பாவம் கண்ணாடியவே பாத்துக்கிட்டு வந்தாரு.

ஹன்ஸ்லோ_வாசி

ஹாஹா சொல்லிர்றேன். கடைசி கேள்வி, வழிக்கு என்ன கட்டலாம்? மாமியார் தயிர் சாதமும் நெய் மைசூர்பாகும்னு ஆரம்பிச்சுட்டாங்க.

ரொய்சி_நைட்ஷிப்ட்

தயிர்சாதத்தை லண்டனுக்குள்ளயே சாப்பிட்டு முடியுங்கோ. பிரிட்டன் வெளியில போனாப் பிறகு பால் சாமானும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள்ள கொண்டுவர ஏலாது, பிடிச்சால் பறிப்பினம். புளியோதரை எண்டால் பிரச்சினை இல்லை. திரும்பிப் போகேக்கயும் அப்பிடித்தான், 2025 ஏப்ரல் 12-இல இருந்து இங்கத்தைச் சீஸும் ஆட்டிறைச்சி மாட்டிறைச்சியும் பிரிட்டனுக்குக் கொண்டுபோகத் தடை, கோமாரி நோய் எண்டு. பாண் வாங்கிக்கொண்டு போங்கோ, அதுக்குத் தடை இல்லை.

சும்மா_பாக்குறவன்

மைசூர்பாகை என்ன பண்றது? ஹன்ஸ்லோல கொடுத்துட்டுப் போனா நான் பத்திரமா பாத்துக்கிறேன், லூயிஷம்லேர்ந்து வர்றேன்.

ஹன்ஸ்லோ_வாசி

அதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் உங்களுக்கு. பாரிஸே பக்கம்.